ஜுரமும் வலிப்பும்

ஜுரத்தில் குழந்தைக்கு வலிப்பு கண்டால் வீடே கலங்குகிறது. 5 வயதுக்குட்பட்டோருக்கு வரும் இவ்வலிப்பு பெரும்பாலும் சில நிமிஷங்களில் அடங்கும். குழந்தையும் விரைவில் தெளியும். தெளியாமற் கிடந்தாலோ, வலிப்பு மீண்டும் மீண்டும் வந்தாலோ மூளைஜுரமென்று ஐயுறுவதே விவேகம்.

2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் மூளைஜுரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்டது. 2006-ல் ஜப்பானிய மூளைஜுரத்துக்குத் தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. ஆயினும் நோய் ஓயவில்லை. கோரக்பூரில் அதன் காரணங்களுள் ஒன்று ஸ்கிரப் டைபஸ் எனப் பின்னர் தெரிந்தது. அதற்கு மலிவான மருந்துண்டு. ஆனால் காலத்தில் கொடுக்கவேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியை நாடி அலைவதிலேயே அக்காலம் கழிந்துவிடுகிறது. ஆகவே கிராமச் சுகாதார நிலையத்திலேயே வலிப்பை அடக்கி, இரத்தத்தில் சர்க்கரை குறைந்துள்ளதா எனச் சோதித்து, சிகிச்சை தொடங்க வேண்டுமென நாம் வற்புறுத்துகிறோம். மந்திரித்துக் காத்திருக்கும் பெற்றோரைக் குறைகூறுமுன், அருகில் வைத்தியர் உண்டா என்று சர்க்கார் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.