கிளிஞ்சல் மேட்டின் சாட்சியம்

சமையற்கட்டிலிருந்து வெளியே கொட்டப்படுவதை நம்மில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மீன் முள்ளும், நண்டின் ஓடும், உடைந்த சட்டியும் குப்பைமேட்டுக்குப் போகின்றன. அத்துடன் அவற்றை நாம் மறந்துவிடுகிறோம். ஆயினும் எழுத்தறியாத காலத்தில் கடலோரங்களில் வாழ்ந்த மக்களைப் பற்றி நாம் இன்று அறிந்துள்ளவற்றுள் பல, இத்தகைய குப்பைமேடுகள் தந்த செய்திகளே. ஜப்பான் நாட்டின் கிளிஞ்சல் மேடுகள் இதற்குச் சிறந்த சான்று. அந்நாட்டு மக்கள் அவற்றைக் 'கைசூகா' என்பர். 'கை' என்றால் கிளிஞ்சல், 'சூகா' என்றால் மேடு.

1877-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்வர்டு மோர்ஸ் என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர் யோக்கோஹாமா துறைமுகத்தில் வந்திறங்கினார். கிளிஞ்சலைப் போல் ஈரோடுகள் கொண்ட ஒருவகைக் கடலுயிரியை ஆராய்வதே அவர் வந்த நோக்கம். டோக்கியோவுக்குப் புகைவண்டியில் செல்லும்போது, ஓமோரி நிலையத்தருகே, இருப்புப்பாதைக்காக வெட்டப்பட்ட மண்சரிவில் வெண்ணிறக் கிளிஞ்சல்கள் அடுக்கடுக்காகத் தென்பட்டன. அமெரிக்காவில் தம் சொந்த மாநிலமான மெயினின் கடற்கரையில் இத்தகைய மேடுகளை அவர் முன்பே கண்டிருந்ததால், அது என்னவென்று உடனே புரிந்துகொண்டார். எத்தனையோ பேர் அவ்வழியே பயணம் செய்திருப்பார்கள்; பார்க்கத் தெரிந்த கண்ணுக்கே அது புலப்பட்டது!

சில மாதங்களில் மாணவர்களுடன் சென்று அங்கே அகழ்ந்தார். கிளிஞ்சல்களுக்கிடையே மான், காட்டுப்பன்றி ஆகியவற்றின் எலும்புகளும் மட்கலங்களும் வெளிப்பட்டன. அக்கலங்களின் மேற்புறத்தில் கயிற்றை அழுத்திய தடங்கள் இருந்தன. 1879-இல் வெளிவந்த தம் அறிக்கையில் அவர் இதனைக் குறிப்பிட்டார். 'கயிற்றுத் தடம்' என்று பொருள்படும் 'ஜோமோன்' என்ற சொல்லே பின்னர் அந்நாட்டின் நெடிய தொல்காலம் ஒன்றுக்குப் பெயராக நிலைத்தது. அகழ்ந்த இடம் எதுவென்பதை மட்டும் அறிக்கை தெளிவாகக் கூறாததால், பிற்காலத்தில் ஒன்றுக்கொன்று சற்றுத் தொலைவில் இரண்டு நினைவுக்கற்கள் எழுந்தன. ஒரு குப்பைமேட்டுக்கு இத்தனை மரியாதை!

கிளிஞ்சல் பேசும் மொழி விந்தையானது. டோக்கியோ விரிகுடாவைச் சூழ்ந்த சமவெளியில், இன்றைய கடலிலிருந்து பல மைல் உள்ளே, வயல்களுக்கு நடுவே இத்தகைய மேடுகள் உள்ளன. கூடைகூடையாகக் கிளிஞ்சலை அவ்வளவு தூரம் சுமந்து சென்றிருப்பார்களா? இல்லை, கடலே அங்கு வந்திருந்தது. பனியூழிக்குப் பின் பனிப்பாறைகள் உருகியதால், ஏறத்தாழ 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றிருப்பதைவிட உயர்ந்து நிலத்துக்குள் புகுந்திருந்தது. மேடுகளை வரைபடத்தில் குறித்தால், பழைய கரையோரம் கண்முன் தோன்றுகிறது.

மட்டியின் ஓட்டில் நாள்தோறும் நுண்ணிய வளர்ச்சிக் கோடுகள் படிகின்றன. குளிர்காலத்தில் வளர்ச்சி குன்றுவதால் கோடுகள் நெருங்கிக்கொள்ளும். அந்நெருக்கத்திலிருந்து ஓட்டின் விளிம்பு வரை கோடுகளை எண்ணினால், எந்தப் பருவத்தில் அது பிடிபட்டது என்பது தெரிந்துவிடும். ஹிரோகோ கோய்க்கே என்னும் ஆய்வாளர் பொறுமையுடன் இவ்வாறு எண்ணிப் பார்த்தார். மட்டி சேகரிப்பு இளவேனில் முதல் கோடையின் தொடக்கம் வரையே மிகுந்திருந்தது என்று கண்டார். ஆண்டு முழுவதும் கிடைத்ததை வாரித் தின்ற கூட்டமல்ல அது. பருவமறிந்து உண்ட மக்கள்.

இவற்றினும் அரிய பணியொன்றைக் கிளிஞ்சல் செய்திருக்கிறது. ஜப்பானில் எரிமலைச் சாம்பல் கலந்த அமிலத்தன்மையுள்ள மண்ணே மிகுதி. அதில் புதைத்த எலும்புகள் கரைந்து மறைந்துவிடும். ஆனால் கிளிஞ்சலிலுள்ள சுண்ணாம்பு மழைநீரில் கசிந்து அமிலத்தை அடக்குகிறது.  ஆகவே கிளிஞ்சல் மேடுகளில் எலும்புகள் அழியாமல் நிற்கின்றன. அம்மக்கள் தம்மவரை அங்கேயே அடக்கம் செய்தனர் என்பதும் அதனாலேயே தெரியவந்தது. சீபா நகரிலுள்ள கசோரி மேட்டில் மனிதர்களைப் போலவே நாய்களும் புதைக்கப்பட்டுள்ளன. நாம் 'குப்பை' என்று சொல்லும் இடத்தை அவர்கள் அவ்வாறு கருதவில்லை போலும்.

வடக்கே ஹொக்கைடோ தீவில், கடலைப் பார்த்தவாறு ஈரியே என்னும் மேடு உள்ளது. ஜோமோன் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த ஓர் எலும்புக்கூடு அங்கே கிடைத்தது. இருபது வயதை ஒட்டிய ஒருவருடையது. ஆனால் கை கால் எலும்புகளோ மிகவும் மெலிந்து சூம்பியிருந்தன. இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் என்று மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினர். வேறு தசைநோயாக இருக்கலாம் என்போரும் உண்டு. நோய் எதுவாயினும், சிறு வயதிலேயே முடங்கிய பிள்ளை அது. மீன் பிடிக்கவோ, மட்டி பொறுக்கவோ, மான் வேட்டைக்குச் செல்லவோ அப்பிள்ளையால் இயன்றிராது. வேட்டையாடியும் பொறுக்கியும் உண்டு வந்த அம்மக்களிடையே, யாரோ பல ஆண்டுகள் அதற்கு ஊட்டியிருக்கிறார்கள்; தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். இறந்தபின், ஊராரைப் புதைத்த அதே கிளிஞ்சல் மேட்டில் அதனையும் புதைத்தார்கள்.