அட்டவணையும் சாவியும்: விரிதாட் தரவுகளின் இடமாற்றம் பற்றி ஒரு குறிப்பு

இலக்கிய ஆய்வில் ஈடுபடுவோர் பலர் இன்று தமது நூல்விவரப் பட்டியல்களை விரிதாள்களிலேயே பேணி வருகின்றனர். பதிவுகள் பெருகி, பலரும் ஒரே வேளையில் தேடவேண்டிய நிலை தோன்றும்போது தரவுத்தளம் ஒன்றின் தேவை உணரப்படுகின்றது. செய்நிரல் ஒரு வரியேனும் எழுதாமல் இவ்விடமாற்றத்தைச் செய்யலாம் என்று கூறப்படுகின்றது. இக்கூற்று பொய்யன்று. ஆயின், அது எதைச் சொல்லாமல் விடுகின்றது என்பதே நமது கவனத்துக்குரியது.

அமேசன் நிறுவனத்தின் டைனமோடிபி என்னும் தரவுத்தளத்தை உதாரணமாகக் கொள்வோம். அந்நிறுவனப் பொறியியலாளர் 2007இல் வெளியிட்ட டைனமோ பற்றிய ஆய்வுக்கட்டுரையே இதன் முன்னோடி. டைனமோடிபி 2012இல் சேவையாக வந்தது. வாடிக்கையாளரின் கொள்வனவுக் கூடையை நொடிப்பொழுதில் எடுத்துக் கொடுப்பது போன்ற வணிகத் தேவைகளே முன்னோடியை உருவாக்கின. எனவே, சாவி எனப்படும் அடையாளத்தைக் கொடுத்தால் அதற்குரிய பதிவு உடனே கிடைக்கும். சாவியாகவோ துணைச்சுட்டியாகவோ அமையாத ஒன்றைக் கொண்டு தேடினாலோ அட்டவணை முழுவதையும் துழாவ வேண்டும். கருவி தன் பிறப்பின் தழும்பைச் சுமந்தே நம்மிடம் வருகின்றது.

செய்முறை எளிது. விரிதாளை யு.டி.எப்-8 குறியேற்றத்தில் சி.எஸ்.வி கோப்பாகச் சேமிக்க வேண்டும். (சாதாரண சி.எஸ்.வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடக் கூடும்.) அதனை எஸ்3 களஞ்சியத்தில் இட்டு, 2022இல் அறிமுகமான இறக்குமதி வசதியில் புதிய அட்டவணையின் பெயரையும் சாவியாக அமையும் நிரலையும் குறித்துவிட்டால் போதும்.

சிக்கல் தொடங்குவது சாவியைத் தெரியும் இடத்திலேதான். சஞ்சிகைக் கட்டுரைகளின் பட்டியல் ஒன்றில் ஆசிரியர் பெயரை மாத்திரம் சாவியாகக் கொண்டோமெனின், கைலாசபதியின் பெயரிலுள்ள அத்தனை நிரைகளும் ஒன்றையொன்று அழித்து இறுதியில் ஒன்றே எஞ்சும். எச்சரிக்கை எதுவும் வராது. இறக்குமதி முற்றுப்பெற்றதாகவே திரை அறிவிக்கும். இறக்குமதிக்குப் பின்னர் நிரைகளின் தொகையையும் அட்டவணையிலுள்ள பதிவுகளின் தொகையையும் ஒப்புநோக்காதவர் தம் இழப்பை அறியவே மாட்டார். ஆசிரியர் பெயரைப் பிரிப்புச் சாவியாகவும், ஆண்டு, இதழ், பக்கம் ஆகியவற்றை இணைத்து வரிசைச் சாவியாகவும் கொள்வது இதற்கொரு பரிகாரம்.

இதனினும் கவலைக்குரியது ஒப்பமில்லா எழுத்து. சாவி வெறுமையாக இருத்தலாகாது. தொழிற்சங்க ஏடுகளில் பெயரின்றி வெளிவந்த குறிப்புகள், கடிதங்கள், ஆசிரியத் தலையங்கங்கள் யாவும் இதனால் நிராகரிக்கப்பட, ஏனைய நிரைகள் ஏறிவிடும். நிராகரிப்பின் விவரம் கிளவுட்வோச் என்னும் பதிவேட்டிற் கிடக்கும். அதைத் திறந்து பார்ப்போர் எத்தனைபேர்? பெயருள்ளோரை மாத்திரமே இலக்கிய வரலாறாகக் கண்ட பழைய நோக்கு, இங்கே எவரும் விரும்பாமலே மீண்டும் நிலைபெறுகின்றது. ஒவ்வொரு நிரைக்கும் நாமே ஒரு தொடரிலக்கம் வழங்கி, அதனையே சாவியாக்கினால் ஒப்பமில்லாதவையும் இடம்பெறும். அப்பொழுது ஆசிரியர் பெயரால் தேடுவதற்குத் துணைச்சுட்டி ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் ஆய்வாளருக்கு மற்றுமொரு தொல்லை உண்டு. வரிசைச் சாவி எழுத்துகளைப் பைற்று மதிப்பின்படியே நிரைப்படுத்தும். யுனிகோட்டின் தமிழ்ப்பகுதி இந்தியாவின் இஸ்கி நியமத்தைப் பின்பற்றியது. அந்நியமத்தில் நமது நெடுங்கணக்கு பேணப்படவில்லை. ஆகவே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்தின் முன்னும் வரும். புள்ளி பெற்ற மெய் தன் உயிர்மெய் வரிசையின் ஈற்றுக்குத் தள்ளப்படும். அகரவரிசை வேண்டுவோர் அதற்கெனத் தனி நிரலொன்றில் இலக்கம் இடுவதன்றி வேறு வழி அரிது.

சாவியல்லாத நிரல்கள் யாவும் எழுத்துச் சரங்களாகவே ஏறுவதால், பக்க எண்களைக் கூட்டவோ ஒப்பிடவோ எண்ணுவோர் ஏமாறுவர்.

ஆக, செய்நிரலாளனின் உழைப்பு மறையவில்லை. அது ஊதியமின்றி ஆய்வாளரின் மேசைக்கு மாறியுள்ளது. களஞ்சியத்துக்கும் அட்டவணைக்கும் வாடகை வேறு. இவ்வசதி புதிய அட்டவணையை மாத்திரமே உருவாக்கும். அடுத்த மாதம் சேரும் ஐந்நூறு பதிவுகளை அதே அட்டவணையில் இவ்வழியாக ஏற்றவியலாது. ஒவ்வொன்றாகக் கையால் இடவேண்டும், அன்றேல் செய்நிரல் தெரிந்த ஒருவரை நாடவேண்டும்.