டீசல் காரில் யூரியா விளக்கு

யூரியா திரவம் குறைகிறது என்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. பக்கத்திலேயே ‘இன்னும் 2400 கிலோமீட்டர்’ என்று ஓர் எண். வண்டி வழக்கம்போல இழுக்கிறது, சத்தமும் இல்லை, அதனால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் பெரும்பாலான கார்களில் அந்த எண் பூஜ்யத்துக்கு வந்தபின் இன்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. டேங்க் நிறைய டீசல் இருந்தாலும் ஆகாது. ஓடும் வண்டி நடுரோட்டில் நிற்காது. டீ குடிக்க நிறுத்தி அணைத்த வண்டிதான் அங்கேயே நின்றுபோகும். இது பழுது அல்ல, வேண்டுமென்றே வைத்த பூட்டு.

இன்ஜினுக்குள் டீசல் எரியும் கடும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. கரும்புகை போலக் கண்ணில் படாது. நெஞ்சில் இறங்கி ஆஸ்துமாக்காரர்களை வாட்டும். அவற்றை மட்டுப்படுத்தத்தான் இந்தத் திரவம்: யூரியா 32.5 விழுக்காடு, மீதி கனிமங்கள் நீக்கிய நீர். பங்க்கில் டெஃப் என்றும் ஆட்புளூ என்றும் விற்கிறார்கள். சூடான புகைக்குழாயில் பீய்ச்சியதும் யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. வினையூக்கியின் மேல் அது ஆக்சைடுகளோடு வினைபுரிய, வெறும் நைட்ரஜனும் நீராவியும் வெளியேறுகின்றன. திரவம் தீர்ந்தாலும் இன்ஜின் ஓடும், காற்றுதான் கெடும். திரவம் ஊற்றுவதை நம் சௌகரியத்துக்கு விட்டுவிடக் கூடாது என்றுதான் ஸ்டார்ட் ஆவதையே தடுப்பது போன்ற பூட்டை விதிகள் கேட்கின்றன. நியாயமான கண்டிப்பு என்றே நான் நினைக்கிறேன். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் இத்திரவம் பரவலானது.

விளக்கு எரிந்தால் கூடவே வரும் எழுத்தையும் படியுங்கள். அளவு குறைவு என்றால் ஊற்றினால் போதும். தரம் சரியில்லை என்றோ அமைப்பில் கோளாறு என்றோ வந்தால் மேலும் ஊற்றிப் பயனில்லை. சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

தரம் எப்படிக் கெடுகிறது? குழாய்த் தண்ணீர் கலந்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வினையூக்கியில் படியும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றவே கூடாது; 2015 முதல் நம் நாட்டில் உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது, அந்த எண்ணெயும் திரவத்தில் கலந்துவிடும். வெயிலும் எதிரிதான். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் கேன், 35 டிகிரியில் ஆறு மாதமே தாங்கும். நம் ஊர்ச் சூட்டில் வாங்கி டிக்கியில் அடுக்கி வைப்பது வீண். தயாரித்த தேதி பார்த்து, தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

ஊற்றியதும் விளக்கு அணையவில்லையே என்று பதற வேண்டாம். அரை லிட்டர், ஒரு லிட்டரை சென்சார் கணக்கில் எடுக்காமல் போகலாம். சில லிட்டர் ஊற்றிச் சற்று தூரம் ஓட்டிப் பாருங்கள்.

இத்திரவ டேங்கின் மூடி பெரும்பாலும் நீல நிறம், பல கார்களில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். பங்க்கில் ஒன்றில் ஊற்ற வேண்டியதை மற்றதில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். சாவியைத் திருப்பினாலே பம்ப் இயங்கி, தவறான திரவத்தைக் குழாய்களுக்குள் இழுத்துவிடலாம். வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.