தாளத்தை வாசிக்கும் பிள்ளைகள்

ஞாயிறு திருப்பலிக்குப் புதிய பாடலொன்றைப் பழகும்போது நம் பாடகர் குழுச் சிறுவர் என்ன செய்கின்றனர்? ஒருவர் பாடிக் காட்ட, ஏனையோர் கேட்டுப் பாடுகின்றனர். பாடிக் காட்டுபவர் மேற்படிப்புக்கோ வேலைக்கோ சென்றுவிட்டால், அவரோடு பாட்டும் ஊரைவிட்டுப் புறப்பட்டுவிடுகிறது. விழுப்புரம் சந்திப்பிலும் திண்டிவனம் பேருந்து நிலையத்திலும் இவ்வாறு எத்தனை இளைஞரை வழியனுப்பியிருக்கிறோம்! எனவே, தாளத்தைத் தாமே வாசிக்கும் ஆற்றலைப் பிள்ளைகளுக்கு அளிப்பது பள்ளி இசை வகுப்பின் முதற்கடமையாகும்.

இது கடினமோ? அன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பதைத் தமிழ் வகுப்பிலேயே பிள்ளைகள் கற்றுவிடுகின்றனர். கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாக வைத்தவர் தொல்காப்பியர். நம் சுரக்குறிப்பும் அதே வழியில் செல்கிறது: ‘ச’ என்றால் ஓர் அளவு, ‘சா’ என்றால் இரண்டு, காற்புள்ளி இட்டால் ஓர் அளவு நீட்டம்.

முதலில் கை பழகட்டும். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்பு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு: ஆக எட்டு. அடுத்து வாய் பழகட்டும். ‘தகதிமி’ நான்கு; ‘தகிட’ மூன்று; ‘தகதகிட’ ஐந்து. அதன்பின் கரும்பலகையில் மரியா, இயேசு, தாயே என்று எழுதுங்கள். தாளக் கணக்கில் மூன்றும் நான்கு அளவுகளே. ஆயினும் மரியாவில் நெடில் இறுதியில் நிற்கிறது; இயேசுவில் நடுவில் நிற்கிறது; தாயேயில் இரண்டும் நெடில். இவற்றைக் கைதட்டிச் சொல்லும் குழந்தை, அளவு ஒன்றாயினும் நடை வேறு என்பதை உடனே உணரும். அதுவே தாள வாசிப்பின் தொடக்கம்.

அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய் (1882–1967) வகுத்த கல்விமுறையிலும் பிள்ளைகள் ‘தா’, ‘தி-தி’ என்று வாயால் சொல்லிய பின்னரே மேனாட்டு இசைக்குறிகளை வாசிக்கின்றனர். அம்முறையை யுனெஸ்கோ 2016இல் சிறப்பித்தது. கத்தோலிக்கப் பள்ளிகளில் இசைப்பயிற்சிக்கு முதன்மை அளிக்கவும், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசைமரபை மதிக்கவும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு பணித்தது. சொற்கட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுகிறார்.

பெற்றோரே, தாளம் கற்கும் பிள்ளை மற்றொன்றையும் கற்கிறது. தனக்குரிய இடம் வரும்வரை காத்திருக்கவும், அருகிலிருப்பவனை முந்தாமலும் அவனுக்குப் பிந்தாமலும் உடன்செல்லவும் அது பழகுகிறது. இப்பண்பு பாடகர் குழுவுக்கு மட்டுமன்று, இல்லத்துக்கும் வேண்டியதே. இன்று மாலைச் செபம் முடிந்ததும் உங்கள் பிள்ளையின் பெயரையே கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். அதில் எத்தனை மாத்திரை என்று அவனே எண்ணிச் சொல்லட்டும்.