‘கடல் தெரியும் ரூம்’னு சொன்னாங்க: பாண்டி பீச் ரோட்டுல கம்மி பட்ஜெட்ல தங்குறது எப்படி?

இந்த எபிசோடு பாண்டிச்சேரி பத்தி. ஆனா எந்த கஃபேல எந்த குரோசான் நல்லா இருக்கும்னு சொல்லப் போறதில்ல, அதுக்கு இன்ஸ்டால ஆயிரம் பேர் இருக்காங்க. பாண்டில கடலோரமா, கம்மி விலைல ஒரு ரூம் எடுக்குறப்போ நாம உண்மையில எதுக்குக் காசு கொடுக்குறோம்? அதுதான் இன்னைக்கு விஷயம். ஒரு தடவை நான் நல்லா மாட்டிக்கிட்டேன், அதுல இருந்தே தொடங்குறேன்.

அம்மாவுக்கு ரொம்ப நாளா ஒரே ஒரு ஆசை. கடல்ல சூரியன் உதிக்கிறத, ரூம்ல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே பாக்கணும். முட்டி வலி இருக்கிறதால விடியக்காலைல மணல்ல நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போக முடியாது. அதனால ஒரு ஆப்ல தேடி, ‘கடல் தெரியும் ரூம், பால்கனியுடன்’ அப்படின்னு போட்டிருந்த ஒரு ரூமை 1,800 ரூபாய்க்கு புக் பண்ணேன். போனது ஒரு வெள்ளிக்கிழமை. ஊருக்குள்ள நுழையவே ராத்திரி 8 மணி ஆயிடுச்சு.

முதல் பாடம் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடியே கிடைச்சது. பீச் ரோடுன்னு நாம சொல்ற கூபேர் அவென்யூல சாயங்காலம் 6 மணியில இருந்து மறுநாள் காலைல 7.30 வரைக்கும் வண்டிகளுக்கு அனுமதி இல்ல. நடக்கிறவங்களுக்கு அது சொர்க்கம். ஆனா பெட்டியும் முட்டி வலியும் சேர்ந்து வந்தா கதை வேற. ஆட்டோக்காரர் குறுக்குத் தெருவிலயே நிறுத்திட்டு, “இதுக்கு மேல போகாது தம்பி”ன்னுட்டார். அம்மா ஒண்ணும் சொல்லல. அவங்க ஒண்ணும் சொல்லலன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

ரூம் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தா ஒரு தண்ணி டேங்க், பக்கத்துக் கட்டடத்துச் சுவர், ரெண்டுக்கும் நடுவுல உள்ளங்கை அகலத்துக்குக் கடல். சரி, பால்கனில போய்ப் பார்ப்போம்னா அதுக்குப் பூட்டு. ‘பழுது காரணமாக பால்கனியைத் திறக்க வேண்டாம்’னு ஒரு பேப்பர் ஒட்டியிருந்தாங்க. இருட்டுல கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன். மேல்தளத்துல காரை உதிர்ந்து, துருப்பிடிச்ச கம்பி வெளியே நீட்டிக்கிட்டு இருந்தது.

நான் படிச்சது சிவில், பார்க்குற வேலை சாஃப்ட்வேர். நம்ம ஊர்ல இது ஒரு ஜோக் மாதிரி ஆயிடுச்சு, ஆனா அன்னைக்கு ராத்திரி அந்தப் படிப்பு உதவுச்சு. கட்டிலுக்கு நேர் மேல பார்த்தேன். அங்கயும் பழுப்பு நிறத்துல ஒரு கறை, கூடவே லேசா ஒரு உப்பல். “அம்மா, கொஞ்சம் எந்திரிங்க”ன்னு சொல்லி, ரெண்டு பேருமா கட்டிலை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுட்டுத்தான் படுத்தோம்.

உப்பு கட்டடத்தை எப்படித் தின்னுது?

கான்கிரீட்டுக்கு உள்ள இருக்கிற கம்பி சாதாரணமா துருப்பிடிக்காது. சிமென்ட் காரத்தன்மை உள்ளது. அதனால கம்பி மேல மெல்லிசா ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகுது. கடல் காத்துல வர்ற உப்புல குளோரைடு இருக்கு. அது கான்கிரீட்டோட நுண்துளைகள் வழியா வருஷக்கணக்குல மெதுவா உள்ள இறங்கி, கம்பியைத் தொட்டதும் அந்தப் படலத்தை உடைச்சிடும். அப்புறம் துரு தொடங்கும். துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரைக்கும் அதிக இடம் பிடிக்கும். கான்கிரீட்டுக்குள்ள அதுக்கு இடம் ஏது? உள்ளிருந்தே தள்ளும். முதல்ல பழுப்புக் கறை, அப்புறம் கம்பி போற திசையிலயே ஒரு நேர்கோட்டு விரிசல், கடைசியா காரை பெயர்ந்து விழும்.

நம்ம நாட்டு கான்கிரீட் விதிநூல் ஐஎஸ் 456 இதுக்காகவே இடங்களைத் தரம் பிரிச்சு வச்சிருக்கு. பாதுகாப்பான உள்நாட்டுச் சூழல்ல கம்பிக்கு மேல 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடி இருந்தா போதும். கடலோரச் சூழல்னா 45 மில்லிமீட்டர் வேணும், கடல் தெறிப்பு படுற இடம்னா 50. இருபதுக்கும் ஐம்பதுக்கும் உள்ள அந்த 3 சென்டிமீட்டர்தான் ஒரு பால்கனி எத்தனை வருஷம் நிக்கும்னு முடிவு பண்ணுது. அந்தக் காலத்துல அவசரமா, சிக்கனமா கட்டின கட்டடத்துல அது இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

கடலைப் பார்த்து முன்வரிசையில நிக்கிற கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவு எப்பவுமே ஜாஸ்தி. ஏசியோட வெளி யூனிட், ஜன்னல் கீல், தண்ணிக் குழாய், கைப்பிடிக் கம்பி எல்லாத்தையும் உப்பு அரிக்கும். அதனால கடலுக்கு நேர் எதிரே ஒரு ரூம் ரொம்ப மலிவா கிடைச்சா, பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணுதான். இடம் ஒரு அறக்கட்டளை மாதிரி லாபத்தைக் குறியா வைக்காத அமைப்போடதா இருக்கும். இல்லன்னா பராமரிப்புல கை வச்சிருப்பாங்க.

‘பீச்’ எங்கே போச்சு?

ராத்திரி தூக்கம் வராம அம்மாவும் நானும் பீச் ரோட்டுல போய் உக்காந்தோம். அம்மா கேட்டாங்க: “ஏன்டா, பீச்சுன்னு சொன்ன, மணலையே காணோம், பாறையா கொட்டி வச்சிருக்கானுங்க?” நல்ல கேள்வி. பாண்டில ‘பீச் வியூ’ன்னு விளம்பரம் பார்க்கிற ஒவ்வொருத்தரும் கேட்க வேண்டிய கேள்வி.

நம்ம கிழக்குக் கரையில மணல் ஒரே இடத்துல நிக்காது. வருஷத்துல பெரும்பாலான மாசம் அலைகள் தெற்குலிருந்து சாய்வா வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துல கொஞ்ச மாசம் தெற்கே தள்ளும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா வடக்கே போறதுதான் அதிகம். புரோகிராமர் பாஷைல சொன்னா இது ஒரு கியூ மாதிரி. தெற்குலிருந்து மணல் வந்துக்கிட்டே இருந்தாத்தான் வடக்கே போற மணலோட இடம் நிரம்பும்.

1980களின் இறுதியில ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடல்ல கலக்கிற இடத்துல துறைமுகம் கட்டினாங்க. ஆற்று வாய் அடைக்காம இருக்கக் கடலுக்குள்ள கல் தடுப்புச் சுவர்கள் போட்டாங்க. அங்கேயே மணல் மாட்டிக்கிச்சு. தேங்கின மணலை வடக்கே எடுத்துக் கொட்டுற ஏற்பாடும் அந்தத் திட்டத்துல இருந்தது, ஆனா அது தொடர்ந்து ஒழுங்கா நடக்கல. வடக்கே கரை அரிக்க ஆரம்பிச்சது. ஊரைக் காப்பாத்தப் பாறை கொட்டினாங்க. பாறை இருக்கிற இடத்துல ரோடு தப்பிச்சது, அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி மீனவர் குப்பங்கள்ல படகு ஏத்தி வைக்கவும், வலை காயப்போடவும் இருந்த மணல் போச்சு. நமக்குப் போனது ஒரு ‘வியூ’, அவங்களுக்குப் போனது தொழில் பண்ற இடம்.

இதுக்கு ஒரு மறுபாதியும் இருக்கு. தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், அதாவது என்ஐஓடி, 2018-ல் தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்துல கடலுக்கு அடியில ஆப்பு வடிவத்துல ஒரு எஃகுத் தடுப்பை இறக்குச்சு. அலையோட வேகம் அங்கேயே குறைஞ்சு, மணல் கரையில தங்கணும்ங்கிறது யோசனை. அதுக்கப்புறம் காந்தி சிலையைச் சுத்தி மறுபடியும் மணல் சேர்ந்தது. பல வருஷமா பாறை மட்டுமே பார்த்த ஊர்க்காரங்க குழந்தைகளை மணல்ல விளையாட விட்டாங்க. ஆனா அந்த மணல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்ல, சீசனுக்குச் சீசன் மாறும். அதனால பழைய போட்டோவை நம்பி புக் பண்ணாதீங்க.

இன்னொண்ணு. பாண்டி பேருக்குத்தான் பெரிய துறைமுக நகரம். இயற்கையான துறைமுகம் இங்கே கிடையாது. கப்பல்கள் தூரத்துல நிக்கும், படகுல சரக்கு வரும். 1866-ல் கட்டின பழைய கடல் பாலம் 1952 புயல்ல போச்சு. அதோட தூண் மிச்சங்களை இன்னைக்கும் கடல்ல பார்க்கலாம். கடலோட சண்டை போட்டுத் தோத்தது இந்த ஊருக்குப் புதுசு இல்ல.

சரி, அப்போ எங்கே தங்குறது?

காலைல ரிசப்ஷன்ல கேட்டேன், “கடல் தெரியும்னு போட்டிருந்தீங்களே?” “தெரியுதுல்ல சார்”னு பதில். சண்டை போட்டு, பாதிப் பணம் திரும்ப வாங்கினேன். உங்களுக்கும் இப்படி நடந்தா புக்கிங் ஸ்கிரீன்ஷாட், ரூம் போட்டோ ரெண்டையும் வச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தவறான விளம்பரம் குற்றம்தான்.

அப்புறம் நடந்தே விசாரிச்சேன். பாண்டில கம்மி பட்ஜெட்டுக்கு மூணு அடுக்கு இருக்கு.

முதல் அடுக்கு, அரவிந்தர் ஆசிரமத்தோட விருந்தினர் இல்லங்கள். பீச் ரோட்டோட தெற்குக் கோடியில இருக்கிற பார்க் கெஸ்ட் ஹவுஸ்ல முன்பக்க ரூம்கள் கடலைப் பார்த்து, தோட்டத்தோட இருக்கும். அந்த இடத்துக்கு அந்த வாடகை ஆச்சரியம்தான். ஆனா விதிகள் உண்டு: குடி, சிகரெட் கூடாது, ராத்திரி 10.30-க்கு கேட் மூடிடுவாங்க. பாண்டிக்குப் போறதே ‘அதுக்குத்தான்’னு நினைக்கிற கோஷ்டிக்கு இது சரிவராது. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இதைவிடப் பொருத்தம் வேற இல்ல. பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவை ஆசிரமத்தோட தரிசன நாட்கள். அதை ஒட்டி இடம் கிடைக்கிறது கஷ்டம்.

இரண்டாவது, கடலுக்கு ஒண்ணு ரெண்டு தெரு உள்ள தள்ளி, டூமாஸ் வீதி, சஃப்ரேன் வீதிப் பக்கம் இருக்கிற சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள். கடல் தெரியாது, ஆனா அஞ்சு நிமிஷ நடை. முன்னாடி இருக்கிற கட்டடங்கள் உப்புக் காத்தைக் கொஞ்சம் தடுக்கும்.

மூணாவது, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நேரு வீதி, மிஷன் வீதிப் பக்கம் இருக்கிற லாட்ஜுகள். ஒரு காலத்துல பிரெஞ்சுக்காரங்க பகுதிக்கும் தமிழர் பகுதிக்கும் எல்லையா இருந்தது அந்த வாய்க்கால். இன்னைக்கு ரூம் வாடகைக்கும் அதுதான் எல்லை. விலை குறைவு, சாப்பாடு பக்கத்துலயே, கடலுக்கு கால் மணி நேர நடை.

புக் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணி நாலு கேள்வி கேளுங்க. ஜன்னல் கிழக்கே பார்த்து இருக்கா? எந்த மாடி, லிஃப்ட் உண்டா? பால்கனியைத் திறக்கலாமா? இன்னைக்கு எடுத்த போட்டோ ஒண்ணு வாட்ஸ்அப்ல அனுப்ப முடியுமா? நாலாவது கேள்விக்குத் தயங்கினா விட்டுடுங்க.

போய்ச் சேர்ந்ததும் மேல்தளத்தைப் பாருங்க. கறை, உப்பல், நேர்கோட்டு விரிசல் இருந்தா வேற ரூம் கேளுங்க. கைப்பிடிச் சுவர்ல சாயறதுக்கு முன்னாடி ஒரு தடவை அசைச்சுப் பாருங்க. அடையாளத்துக்கு ஆதார் கேட்டா, கடைசி 4 எண் மட்டும் தெரியுற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். யுஐடிஏஐ தளத்துலயே டவுன்லோடு பண்ணிக்கலாம். பில்லையும் ஒரு தடவை பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூம்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தைப் போட்டிருந்தா கேளுங்க.

கடைசியா, அம்மா கதை. அன்னைக்கு ஆசிரம இல்லத்துல இடம் இல்ல. ரெண்டாவது தெருவில தரைத்தளத்துல ஒரு ரூம் கிடைச்சது. சின்னதா ஒரு முற்றம், கடலே தெரியல. மறுநாள் விடியக்காலை அஞ்சே காலுக்கு அம்மா என்னை எழுப்பி, “நடந்தே போயிடலாம்டா, வண்டிதான் வராதே”ன்னாங்க. அஞ்சு நிமிஷ தூரத்தைப் பதினஞ்சு நிமிஷம் நடந்தோம். பீச் ரோட்டுல ஒரு வண்டிச் சத்தம் கிடையாது. நடுரோட்டுல வயசானவங்க நடந்துக்கிட்டு இருந்தாங்க. முதல் நாள் ராத்திரி எங்களைத் தெருமுனையில இறக்கிவிட்ட அதே தடைதான் இதுக்குக் காரணம்.

சூரியன் வந்தப்போ அம்மா காந்தி சிலைக்குக் கீழ உக்காந்திருந்தாங்க. காபி ரூம்ல இருந்து வரல, சைக்கிள்ல கேன் வச்சிருந்தவர்கிட்ட பேப்பர் கப்புல வாங்கினோம். குடிச்சுட்டு, “அந்த 1,800 ரூபாய்ல பாதியாவது வந்துச்சே”ன்னாங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்களுக்கும் இந்த மாதிரி ‘கடல் தெரிஞ்ச’ கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.