அந்தமானில் ஏழு நாள்... போகாமல் விட்ட ஓர் இடம்!

அரையாண்டு விடுமுறைக்கு அந்தமான் என்று முடிவானதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அங்க நம்ம சாப்பாடு கிடைக்குமாடி?"

கவலையே வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் இட்லி, சாம்பாரும் உண்டு. தமிழும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பழக வேண்டியது சூரியனோடுதான். நம் கடிகார நேரமே அங்கும் என்றாலும், ஊர் கிழக்கே தள்ளி இருப்பதால் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. எதைப் பார்ப்பதானாலும் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

முதலில் செல்லுலார் சிறை. 1906-ல் கட்டி முடித்தபோது ஏழு சிறகுகள்; இன்று மிஞ்சியவை மூன்று. ஒரு சிறகின் முகப்பு இன்னொன்றின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். எதிரே எந்தக் கைதியின் முகமும் தெரியாது. பதிமூன்றரை அடிக்கு ஏழரை அடி அறை ஒன்றுக்குள் மாமியார் தனியாகப் போய் நின்றார். வெளியே வந்ததும் கைப்பையில் இருந்த முறுக்கைப் பேத்தி கேட்டதற்கு, "இங்க வேணாம் கண்ணு, வெளியில போய்த் தின்னலாம்" என்றார்.

ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படத்தில் பார்ப்பதைவிட நேரில் அழகு. எனக்குப் பிடித்தது நீல் தீவுதான். கூட்டம் குறைவு, வழியெல்லாம் காய்கறித் தோட்டம். பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடித்தளப் படகில் ஏறியபோது, தண்ணீருக்கே பயப்படும் மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். காலடியில் பவளப் பாறைகளும் வரி வரியான மீன்களும் தெரிந்ததும், கையை விட்டுவிட்டுக் குனிந்தவர்தான், கரைக்கு வரும்வரை நிமிரவில்லை.

ஆறாவது நாள் பாராடாங் போவதாக இருந்தது. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே படகு, பிறகு சுண்ணாம்புக் குகை. விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் வரிசையாக ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் போகும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது. முந்தின இரவு விதிகளைச் சொல்லிவிட்டு டிரைவர், "அதிர்ஷ்டம் இருந்தா ஜாரவாக்களைப் பார்க்கலாம்" என்றார்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் சட்டென்று கேட்டாள், "நாம குகையைப் பார்க்கப் போறோமா, அவங்களை வேடிக்கை பார்க்கப் போறோமாம்மா?"

ஜாரவாக்கள் சில நூறு பேர்தான். 1990-களின் கடைசியில்தான் வெளியாட்களுடன் பழகத் தொடங்கினார்கள். அதன்பின் தட்டம்மை அவர்களைத் தாக்கியது. காப்புக்காட்டு வழியே போகும் அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதையெல்லாம் மகள் போனில் தேடி வாசிக்க வாசிக்க, என் கணவர், "பணம் கட்டியாச்சு. நாம போகலேன்னா அந்தச் சாலையை மூடிடப் போறாங்களா?" என்றார். அதுவும் நியாயம்தான். அந்தச் சாலையில் உள்ளூர்க்காரர்களின் பேருந்தும் போகிறது.

அத்தைதான் முடித்து வைத்தார். "நம்ம வீட்டு வாசல் வழியா தினம் நூறு வண்டி போய் எட்டி எட்டிப் பார்த்தா எனக்குப் பிடிக்குமா? குகை இல்லாட்டிப் போகுது."

பயண ஏஜென்ட் பாதிப் பணத்தைத்தான் திருப்பிக் கொடுத்தார். கணவர் அன்று காலை எட்டு மணிவரை யாரோடும் பேசவில்லை. பிறகு எல்லோருமாகச் சாத்தம் மர அறுவை ஆலையைப் பார்க்கப் போனோம். 1883-ல் தொடங்கியது. படாக் மரத்தின் சிவப்பைப் பார்த்தபடியே நின்றுவிட்டார் அவர். தச்சர் வீட்டுப் பிள்ளையாயிற்றே!

நீங்கள் போனால் ஒரு விஷயம். கிளிஞ்சல், பவளத் துண்டு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். எடுத்துவரத் தடை இருக்கிறது. நீல் தீவில் அத்தை சுருக்குப் பையில் போட்ட ஒரு சங்கை, மகள் பிடுங்கி மணலிலேயே வைத்துவிட்டாள். சென்னை வந்து இறங்கும்வரை அதற்கு முணுமுணுப்புதான்!