புல்லட் ரயிலுக்கு கேட் கிடையாது!

நம்ம திருத்தணி ஸ்டேஷனில் நிற்காமல் பறக்கும் எக்ஸ்பிரஸைப் பார்த்து, "அப்பா, என்னா வேகம்!" என்று வாய் பிளக்கிறோம். ஜப்பானின் புல்லட் ரயில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம்!

டோக்கியோவிலிருந்து ஒசாகா 515 கி.மீ. 1964 அக்டோபர் 1-ல் முதன்முதலாக ஓடியபோது 4 மணி நேரம் ஆனது. இப்போது சுமார் இரண்டரை மணி நேரம்தான். உச்ச வேகம் மணிக்கு 285 கி.மீ.

எப்படி முடியுது? இந்த ரயிலுக்குத் தனி இன்ஜின் கிடையாது. பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்கள் இருக்கின்றன. சென்னை ஐ.சி.எஃப்.பில் செய்யும் வந்தே பாரத்தும் இப்படித்தான். அது 2018-ல் சோதனை ஓட்டத்தில் 180 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

ஆனால் நம்ம பக்கம் கூட்ஸ், லோக்கல், எக்ஸ்பிரஸ் எல்லாம் ஒரே பாதையில் போகணும். நடுவில் கேட் வேற. டோக்கியோ - ஒசாகா புல்லட் ரயிலுக்கோ தனிப்பாதை. ரோடுகள் அதற்கு மேலேயோ கீழேயோதான் போகும். குறுக்கே ஒரு கேட்கூட இல்லை. ஜப்பானில் புல்லட் ரயில் மோதியோ தடம் புரண்டோ இதுவரை ஒரு பயணிகூட இறந்ததில்லை. வேகத்தின் ரகசியம் ரயிலில் பாதி, பாதையில் பாதி!

நாம் என்ன செய்கிறோம்? கேட் மூடியிருந்தாலும் சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து நுழைகிறோம். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரே வினாடியில் 30 மீட்டர் வந்துவிடும். பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. டியூஷனுக்கு 5 நிமிஷம் லேட்டானால் பரவாயில்லை. கேட் திறக்கட்டும், அப்புறம் போவோம்!